கொட்டில் உண்ணியின் பெருக்கத்தை வெயிலால் கட்டுப்படுத்துவது எப்படி

கறவை மாட்டின் மடியிலும் அலைதாடியிலும் காது மடலிலும் நம் கண்ணில் படும் உண்ணிகள், அந்தப் பண்ணையில் இருக்கும் மொத்த உண்ணிகளில் ஒரு சிறு பங்குதான். மற்றவை முட்டையாகவும் குஞ்சாகவும் சுவர் விரிசலிலும், தீவனத் தொட்டியின் அடியிலும், ரப்பர் விரிப்பின் கீழும், மேய்ச்சல் புல்லின் தூரிலும் கிடக்கின்றன. மாட்டின் உடம்பில் மருந்து அடித்த சில வாரங்களில் உண்ணி மறுபடியும் ஏறிவிடுகிறது என்று பால் மாடு வளர்ப்பவர்கள் அலுத்துக்கொள்வதற்கு, மருந்துக்குப் பழகிப்போன உண்ணிகள் ஒரு காரணம் என்றால், மருந்தே படாமல் தரையில் காத்திருக்கும் இந்த அடுத்த தலைமுறை அதைவிடப் பெரிய காரணம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரும் அதனோடு சேர்ந்து வரும் வெப்பமும் வறட்சியும் தாக்கக்கூடியவை இந்தத் தரைப் பருவங்களைத்தான். ஆனால் வெயில் தானாகத் தேடிப் போய் முட்டையைக் கொல்லாது. முட்டை கிடக்கும் இடத்தை வெயிலுக்குத் திறந்து விடுவதே நம் வேலை. அதை எந்த நேரத்தில், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் காலக்கணக்கு தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு மாடுகளில் பரவலாகக் காணப்படும் ரிபிசெபாலஸ் மைக்ரோப்ளஸ் என்ற உண்ணி, குஞ்சாக ஏறியதிலிருந்து முழு வளர்ச்சி அடையும் வரை ஒரே மாட்டின் மேல் ஏறக்குறைய 3 வாரம் தங்குகிறது. வயிறு முட்ட இரத்தம் குடித்து, ஆமணக்கு விதை அளவுக்கு உப்பிய பெண் உண்ணி, பெரும்பாலும் விடியற்காலையிலோ காலையின் முதல் சில மணி நேரத்திலோ மாட்டை விட்டுக் கழன்று தரையில் விழுகிறது. விழுந்த உண்ணி வெகுதூரம் போவதில்லை. பக்கத்தில் இருக்கும் ஈரமான, நிழலான இடுக்கில் நுழைந்து, 2 முதல் 4 நாளில் முட்டையிடத் தொடங்கி, இரண்டு வாரம் போல இட்டுக்கொண்டே இருந்து, பிறகு இறந்துவிடுகிறது. ஒரு பெண் உண்ணி 2,000 முதல் 4,000 முட்டைகள் வரை இடும். வெப்பமான பருவத்தில் 3 முதல் 4 வாரத்தில் அவை பொரிகின்றன. ஹயலோம்மா வகை உண்ணிகள் வளரும்போதே மாட்டை விட்டு இறங்கித் தோலுரிப்பவை. அதனால் சுவர் விரிசல்களை இன்னும் அதிகமாக நம்பி வாழ்கின்றன. இரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணியால் வரும் தைலேரியா நோயைப் பரப்புபவை இவை. சிறுநீர் காப்பி நிறத்தில் போகும் பபேசியா நோயைப் பரப்புவது முன்னே சொன்ன மைக்ரோப்ளஸ். இந்த நோய்களால் ஒரு கலப்பினக் கறவை மாட்டை இழந்த குடும்பத்துக்கு அந்த இழப்பின் கனம் தெரியும்.

முட்டையிடும் உண்ணியைப் பூதக்கண்ணாடியால் ஒருமுறை பொறுமையாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் எங்கே அடிக்க வேண்டும் என்பது அப்போது விளங்கிவிடும். ஒவ்வொரு முட்டையும் வெளிவரும்போது, உண்ணியின் தலைப்பகுதிக்கு மேலிருந்து கண்ணாடி போன்ற ஈரமான பை ஒன்று பிதுங்கி வந்து, முட்டையைப் பற்றி, மெழுகு பூசி, முன்பு இட்ட முட்டைகளோடு சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போகிறது. அந்த மெழுகுதான் முட்டை காய்ந்துபோகாமல் காக்கிறது. முட்டைகள் பழுப்பு நிறத்தில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு திரளாகக் குவிகின்றன. திரளாக இருக்கும் வரை உள்ளே இருக்கும் முட்டைகளுக்கு ஈரமும் போகாது, கதிரும் எட்டாது. மேலடுக்கு முட்டைகளே கீழடுக்குக்குக் குடை பிடிக்கின்றன. ஆகவே திரளைக் கலைத்து மெல்லிசாகப் பரப்புவது, வெயிலில் வைப்பதற்குச் சமமான முக்கியத்துவம் உள்ள வேலை.

புற ஊதாக் கதிரை அலைநீளத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கிறார்கள். 100 முதல் 280 நானோமீட்டர் வரையுள்ள சி வகைக் கதிரை வளிமண்டலம் முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. 280 முதல் 315 வரையுள்ள பி வகையில் ஒரு சிறு பங்கு தரைக்கு வருகிறது. 315 முதல் 400 வரையுள்ள ஏ வகை பெருமளவு வருகிறது. உயிரணுக்களைக் கெடுப்பதில் முன்னிற்பது பி வகை. மரபுச் செய்தியைச் சுமக்கும் இழையான டி.என்.ஏ. அதை நேரடியாக உறிஞ்சிக்கொள்ளும். அப்போது அந்த இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கூறுகள் தவறாக ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. பிணைப்பு விழுந்த இடத்தில் இழையைப் படியெடுக்க முடியாது. முட்டைக்குள் இருக்கும் கருவில் உயிரணுக்கள் இடைவிடாமல் பிரிந்துகொண்டே இருப்பதால் இந்தப் பழுது அங்கேதான் மிகுந்த கேடு செய்கிறது: சில கருக்கள் வளர்ச்சி நின்று சுருங்கும், சில உருவாகியும் ஓட்டை உடைத்து வெளிவர முடியாமல் சாகும். முழு வளர்ச்சி அடைந்த உண்ணியின் கதை வேறு. பி வகைக் கதிர் உடலுக்குள் ஆழமாகப் போவதில்லை. தடித்த மேல்தோல் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். வெட்டவெளியில் மாட்டிக்கொண்ட தாய் உண்ணியைக் கொல்வது பெரும்பாலும் சூடும் வறட்சியும்தான். அது முட்டையிடும் முன்பே காய்ந்தால் நமக்குக் கிடைப்பது முழு வெற்றி, பாதி இட்ட பிறகு காய்ந்தால் பாதி வெற்றி.

இன்னொரு செய்தியையும் மனதில் கொள்ள வேண்டும். பல உயிரினங்களில், நீல ஒளியையும் ஏ வகைக் கதிரையும் பயன்படுத்தி அந்தத் தவறான பிணைப்பை அவிழ்க்கும் நொதி ஒன்று உண்டு. உண்ணிக்கு உறவான, செடிகளைத் தாக்கும் சிவப்புச் சிலந்திப் பேன்களில் இந்தப் பழுதுபார்ப்பு தெளிவாகவே காட்டப்பட்டிருக்கிறது. கெடுக்கும் கதிரும் சரிசெய்யும் ஒளியும் ஒரே வெயிலில் வருவதால், அரை மணி நேரம் வெயிலில் காட்டி எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. உச்சி வெயில் நேரம் முழுவதும், அடுத்தடுத்துச் சில நாள்கள் காட்ட வேண்டும்.

எந்த நேரம் உச்சி வெயில் என்பதற்குக் கருவி தேவையில்லை. வெட்டவெளியில் நின்றால் உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரமே பி வகைக் கதிர் வலுவாக இருக்கும் நேரம். நம் ஊரில் அது கோடையில் ஏறக்குறைய காலை 9 மணிக்கு மேல் பிற்பகல் 3 மணி வரை. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கன்னியாகுமரியிலும் இறுதி வாரத்தில் சென்னையிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஆதலால் பங்குனி, சித்திரை மாதங்களே இந்த வேலைக்கு மிகச் சிறந்த பருவம். வெறுந்தரையின் சூடும் அப்போது 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கொட்டில் பராமரிப்பில் ஆண்டுக்கு ஒரு முறைதான் பெரிய வேலை செய்ய முடியும் என்றால், அதை இந்த மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டில் வேலையைத் தொடங்கும் நாளில் மாடுகளை மர நிழலுக்கு மாற்றிவிட்டு, நகர்த்தக்கூடிய எல்லாவற்றையும் வெளியே கொண்டுவர வேண்டும்: ரப்பர் விரிப்புகள், சாக்குகள், பலகைகள், பழைய கயிறுகள், மூலையில் சாத்தி வைத்த தட்டிகள். ரப்பர் விரிப்பைப் புரட்டினால், அடிப்பக்கப் பள்ளங்களில் பழுப்புத் தூள் போலத் தெரிவது பல நேரங்களில் முட்டைத் திரளாகவே இருக்கும். அதைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, விரிப்பின் அடிப்பக்கம் மேலே இருக்கும்படி நண்பகல் வரையும், பிறகு புரட்டி மறுபக்கம் மாலை வரையும் காய விட வேண்டும். சுவரில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்தால் பயன் இல்லை. ஒவ்வொன்றும் தனியே, தரையில் படுத்த நிலையில் வெயிலைப் பார்க்க வேண்டும்.

பிறகு சுவரும் தரையும். விரிசல்களையும் செங்கல் இணைப்புகளையும் கூர்மையான கம்பியால் ஆழமாகச் சுரண்டி, விழும் மண்ணை ஒரு துளிகூட விடாமல் கூட்டி அள்ள வேண்டும். பலரும் அந்தக் குப்பையைச் சாணக்குழியின் ஓரத்தில் கொட்டிவிடுகிறார்கள். முட்டைக்கு வேண்டிய ஈரமும் நிழலும் உள்ள புதிய வீட்டை நாமே கட்டிக் கொடுப்பதுதான் அது. மாறாக, ஒரு பழைய தகரத்தை வெட்டவெளியில் போட்டு, சுரண்டிய மண்ணை அதன் மேல் ஒரு விரல் கனத்துக்கும் குறைவாகப் பரப்பி, சில நாள்கள் நண்பகல் வெயிலில் விட்டு, நடுவே ஓரிரு முறை கிளறிக் கொடுங்கள். தகரத்தின் சூடும் மேலிருந்து வரும் கதிரும் சேர்ந்து முட்டையைக் கொல்லும். தகரத்தின் ஓரத்தில் வேப்பெண்ணெயையோ பழைய எண்ணெயையோ ஒரு வளையமாகப் பூசினால் உயிரோடு இருக்கும் உண்ணிகள் இறங்கி ஓடாது. அந்த மண்ணைக் கடைசியில் எரித்துவிடலாம். சுரண்டிய விரிசல்களைச் சிமென்ட் சாந்தால் அடைத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதோடுதான் இந்த வேலை முடிகிறது. வெயில் எட்டாத இடுக்கை அடைப்பதே அதற்குரிய மருத்துவம்.

கொட்டிலின் அமைப்பையும் பார்க்க வேண்டும். கிழக்கு மேற்காக நீண்ட கொட்டிலில் மாடுகளுக்கு வெயில் தாக்கம் குறைவு. வடக்கு தெற்காக நீண்ட கொட்டிலில் காலையிலும் மாலையிலும் தரை வெயிலைப் பார்க்கும், ஈரம் காயும். கடற்கரை மாவட்டங்களைப் போலக் காற்றில் ஈரம் மிகுந்த இடங்களில் இரண்டாவது அமைப்பே உண்ணிக்குப் பகை. கட்டிவிட்ட கொட்டிலைத் திருப்ப முடியாது என்றாலும், பக்கச் சுவரின் உயரத்தைக் குறைப்பதும் தாழ்ந்து தொங்கும் கிளைகளை வெட்டுவதும் நம் கையில் உள்ளன. வெளிச்சம் வரட்டும் என்று கூரையில் பாலிகார்பனேட் தகடு பதிப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: அந்தத் தகடு வெளிச்சத்தை விட்டுப் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். சாதாரண சன்னல் கண்ணாடியும் பி வகைக் கதிரைக் கிட்டத்தட்ட முழுமையாகத் தடுக்கும். தரை காய்வதற்கு அவை உதவலாம், முட்டையைத் தாக்குவதற்கு உதவா.

அன்றாட வேலைகளில் எனக்கு மிக மதிப்புள்ளதாகத் தோன்றுவது காலை நேர ஒழுங்கு. உப்பிய பெண் உண்ணி விடியற்காலையை ஒட்டி விழுகிறது என்று மேலே பார்த்தோம். அந்த நேரத்தில் மாடு விரிசல் நிறைந்த கொட்டிலுக்குள் நின்றால் விழும் உண்ணிக்கு மறைவிடம் ஓரடி தூரத்தில் கிடைக்கிறது. ஆகவே பால் கறவை முடிந்தவுடன், வெளிச்சம் வரும்போதே, மாடுகளைப் புல் பூண்டு இல்லாத, கல்லும் கட்டையும் கிடக்காத, இறுகிய வெறுந்தரை முற்றத்தில் கட்ட வேண்டும். முளைக்குச்சிகளை வேலியிலிருந்தும் மரத்தடியிலிருந்தும் சில மீட்டர் தள்ளி அடிக்க வேண்டும். வெயில் ஏறத் தொடங்கியதும் மாடுகளை நிழலுக்கு மாற்றிவிட்டு, முற்றத்தைக் கூட்டி, கோழிகளைத் திறந்துவிட வேண்டும். கோழி உப்பிய உண்ணியை விரும்பிக் கொத்தும். கோழியிடமிருந்தும் துடைப்பத்திலிருந்தும் தப்பியது 9 மணிக்கு மேல் வெயிலில் மாட்டிக்கொள்ளும். இதையெல்லாம் சொல்வதால் மாட்டை வெயிலில் நிறுத்தலாம் என்று பொருள் கொள்ள வேண்டாம்; ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினங்கள் நண்பகல் வெயிலைத் தாங்கா, பால் உடனே குறையும். வெயில் தரைக்கு, நிழல் மாட்டுக்கு.

மேய்ச்சல் நிலத்தில் பொரிந்த குஞ்சுகள் காலையிலும் மாலையிலும் புல்லின் நுனிக்கு ஏறி மாட்டுக்காகக் காத்திருந்து, வெயில் ஏறியதும் ஈரமான தூருக்கு இறங்கிவிடுகின்றன. காற்றில் உள்ள ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும் திறன் அவற்றுக்கு உண்டு. ஆனால் அதற்குக் காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 80 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். உயர்ந்த புல்லின் அடியில் அந்த ஈரம் கிடைக்கும், ஒட்ட அறுத்த புல்லில் கிடைக்காது. எனவே கோடைத் தொடக்கத்தில் புல்லைத் தரையோடு ஒட்ட அறுத்து, நிலத்தை ஏறக்குறைய 2 மாதம் மாடு இறங்காமல் விட்டால், ஏற மாடும் இல்லாமல் ஒதுங்க நிழலும் இல்லாமல் குஞ்சுகள் பெருமளவு மடியும். ஈரமும் குளிர்ச்சியும் உள்ள பருவத்தில் இதே குஞ்சுகள் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும் என்பதால் மழைக்காலத்தில் இந்த முறையை நம்பக் கூடாது.

புற ஊதா விளக்கு வாங்கிக் கொட்டிலில் மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கிருமி நீக்கத்துக்கு விற்கப்படும் 254 நானோமீட்டர் சி வகை விளக்கு சோதனைக் கூடத்தில் முட்டையை நிச்சயமாகக் கெடுக்கும். கொட்டிலில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். விளக்கிலிருந்து விலகும் தோறும் அதன் வலு வேகமாகக் குறைகிறது, தூசி படிந்தால் இன்னும் குறைகிறது, விரிசலுக்குள் அது நுழைவதே இல்லை. மாட்டின் கண்ணுக்கும் கறப்பவரின் கண்ணுக்கும் தோலுக்கும் அது செய்யும் தீங்கு மட்டும் உறுதியானது. ஜப்பானில் ஸ்ட்ராபெர்ரி பசுமைக் குடில்களில் சிலந்திப் பேனைக் கட்டுப்படுத்த பி வகை விளக்குகளை இரவில் எரிக்கிறார்கள். அங்கேகூட, இலையின் அடியில் இருக்கும் பேனுக்குக் கதிர் எட்ட வேண்டும் என்பதற்காக ஒளியைத் திருப்பி அனுப்பும் விரிப்பைத் தரையில் போட வேண்டியிருக்கிறது. ஓர் இலையின் மறைவே இவ்வளவு தடையாக இருக்கும்போது செங்கல் சுவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

முட்டையைக் கெடுத்தது கதிரா வெறும் சூடா என்று தாமே பார்த்தறிய விரும்பும் மாணவர்களும் விவசாயிகளும் இப்படிச் செய்யலாம். கையுறை அணிந்துகொண்டு, காலையில் உப்பிய பெண் உண்ணிகளில் ஒத்த அளவுள்ள சிலவற்றை எடுத்து, நிழலில், காற்றுப் போகும் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். உண்ணியை விரலால் நசுக்கவே கூடாது. 2011இல் குஜராத்தில் உறுதி செய்யப்பட்ட கிரிமியன் காங்கோ காய்ச்சல் என்ற, உயிரைப் பறிக்கக்கூடிய வைரஸ் நோய், ஹயலோம்மா உண்ணியின் கடியாலும் நசுக்கும்போது படும் இரத்தத்தாலும் மனிதருக்குப் பரவக்கூடியது. இரண்டு வாரம் கழித்துக் கிடைக்கும் முட்டைத் திரளில் ஒரு சிட்டிகை போதும், ஏனெனில் ஒரு கிராம் எடையில் ஏறக்குறைய 20,000 முட்டைகள் இருக்கும். அதை மெல்லிய தூரிகையால் கலைத்து, மூன்று வெள்ளைத் தட்டுகளில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். முதல் தட்டை மெல்லிய வலையால் மூடியும், இரண்டாவதைச் சன்னல் கண்ணாடியால் மூடிக் காற்றுக்கு ஓரத்தில் வலையிட்ட இடைவெளி விட்டும் அருகருகே வெயிலில் வைத்து, மூன்றாவதை நிழலில் வையுங்கள். தட்டு வெள்ளையாக இருப்பது அவசியம்; கருந்தட்டு வைத்தால் சூடே எல்லா முட்டைகளையும் கொன்றுவிட்டு ஒப்பிட எதுவும் மிஞ்சாது. நண்பகல் வெயிலைக் காட்டிய பிறகு மூன்றையும், அடியில் ஈர மணல் வைத்த, நன்றாக மூடிய பெட்டியில் 5 வாரம் நிழலில் வைத்து, பொரித்த வெற்று ஓடுகளையும் பொரிக்காமல் சுருங்கிய முட்டைகளையும் பூதக்கண்ணாடியால் எண்ணுங்கள். கண்ணாடியின் கீழ் இருந்த தட்டு சூடும் வெளிச்சமும் பெற்றது, ஆனால் பி வகைக் கதிரைப் பெறவில்லை; அதற்கும் வலைத் தட்டுக்கும் பொரிப்பில் தெரியும் வேறுபாட்டில் கதிரின் பங்கைக் காணலாம். எல்லாவற்றையும் முடிவில் கொதிநீரில் கொட்டி அழித்துவிட வேண்டும்.

மாட்டின் மேல் இருக்கும் உண்ணிகளுக்கு வெயில் போதாது, அதற்கு மருந்து வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பிவரும் மூலிகைக் கரைசலில் 10 பல் பூண்டு, ஒரு கைப்பிடி வேப்பிலை, ஒரு கைப்பிடி வேப்பம்பழம், 10 கிராம் வசம்பு, 20 கிராம் மஞ்சள் தூள், துளசியும் உண்ணிச்செடி (லாண்டனா) இலையும் ஒவ்வொரு கைப்பிடி ஆகியவற்றை அரைத்து, ஒரு லிட்டர் நீரில் கலந்து வடிகட்டி, மாட்டின் மீதும் கொட்டில் இடுக்குகளிலும் வாரம் ஒருமுறை தெளிக்கிறார்கள்; வெயில் உள்ள நேரத்தில் தெளிக்க வேண்டும் என்பது அந்தச் செய்முறையிலேயே உண்டு. இதைத் தெளிக்க மட்டுமே பயன்படுத்துங்கள். உண்ணிச்செடியின் இலையைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெட்டு, தோல் வெயில் தாங்காமல் வெந்து உரியும். அரைத்த சக்கையை மாடு எட்டாத இடத்தில் புதைத்துவிட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியிலிருந்து வானம் மூடிக் கிடக்கும் நாள்களில் தரை காயாது, கதிரும் குறைந்துவிடும், முட்டை பொரிக்க வேண்டிய ஈரம் தாராளமாகக் கிடைக்கும். ஆகவே புரட்டாசிக்குள் விரிசல் அடைக்கும் வேலையை மறுபடி ஒருமுறை பார்த்து முடித்துவிட்டு, மழை மாதங்களில் கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தை, அவர் சொல்லும் அளவில், கொட்டிலின் எல்லா மாடுகளுக்கும் ஒரே நாளில் போட வேண்டும். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற உண்ணி மருந்துகளுக்கு மசியாத உண்ணிகள் இந்தியாவில் பல இடங்களில் காணப்பட்டிருப்பதால், ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் அளவு கூட்டிக் கூட்டி அடிக்காதீர்கள். உண்ணிக்கு ஐவர்மெக்டின் ஊசி போட்டால் மருந்து பாலில் இறங்கும். எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பதை ஊசி போடும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.